அடியில்லா ஏரிக்கு 90 அடி

ஆங்கிலப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உதவிக்கு நாம் வாயைத் திறந்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். நியூ மெக்சிகோவில், 380ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே பிரியும் சாலையின் முனையில் காரை ஓரங்கட்டச் சொல்லி, அங்கிருந்த பலகையை நிதானமாகப் படித்தார். "பாட்டம்... லெஸ்... லேக்ஸ்." படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடியில்லாத ஏரின்னு அர்த்தம்ப்பா."

"அடியில்லன்னா தண்ணி எப்படி நிக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "போய்ப் பாப்போம்" என்று காரைக் கிளப்பினேன். அடுத்த ஒன்றரை நாளும் அவர் அந்தக் கேள்வியை விடவேயில்லை.

அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்கு டாலஸ் வந்திருந்தார்கள். ஜூன் மாத வெயிலில் வீட்டுக்குள் ஏசியில் அடைந்து கிடந்து, ஒரு மாதத்தில் அப்பா அக்கம்பக்கத்துப் புல்வெளிகளை எல்லாம் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். ஆடும் மேயாத, மாடும் மேயாத புல்லுக்கு எதற்கு இத்தனை தண்ணீர் என்பது அவர் கட்சி. எங்காவது கூட்டிப்போகாவிட்டால் சரிப்படாது என்று உட்கார்ந்து யோசித்தோம். கணவருக்கு கார்ல்ஸ்பாட் குகை. ஒன்பது வயது மகளுக்கு ராஸ்வெல் ஊரும் வேற்றுக்கிரகவாசிகளும். எனக்கு நீச்சல். வரைபடத்தில் ராஸ்வெல்லுக்குத் தென்கிழக்கே 14 மைலில், பழுப்புப் பாலைக்கு நடுவே வரிசையாக நீலப் புள்ளிகள் தெரிந்தன. குகையை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தோம். கணவர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

முதல் நாள் ராத்திரி லப்பக்கில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். மேற்கு டெக்சாஸ் சமதளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தட்டை. பருத்திக்காடு. மறுபடியும் தட்டை. எண்ணெய்க் கிணறுகளின் மேல் தலையாட்டிக்கொண்டு நிற்கும் பம்ப்ஜாக்குகளைப் பார்த்து, "ஏத்தம் மாதிரியே இருக்குது, மேல ஏறி நடக்கத்தான் ஆளில்ல" என்றார் அப்பா. மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். "சும்மா கெடச்ச ஒரு மணி நேரம், சாப்பிட்டுடலாம்" என்று அம்மா புளிசோற்றுத் தூக்கைத் திறந்துவிட்டார்.

பிறகு நிலம் சரியத் தொடங்கியது. பெக்கோஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு. சிவாவா பாலைவனத்தின் வடக்கு ஓரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 அங்குலம்தான் மழை. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர்கள், அதற்கு மேல் எழும்ப எதற்கும் தெம்பில்லை. கிழக்குக் கரை நெடுக ஒரு செம்மண் சுவர் ஓடுகிறது. சுவர் என்றா சொல்வது, யாரோ நிலத்தை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி வைத்த மாதிரி. சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள். அந்தச் சுவரின் காலடியில்தான் ஏரிகள்.

"மண்ணு நம்ம முந்திரிக்காட்டு மண்ணாட்டம் இருக்குது" என்றார் அப்பா. பண்ருட்டிப் பக்கத்துக்காரர் சிவப்பாக எதைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார். ஆனால் காரை விட்டு இறங்கியதும் அவர் முதலில் எடுத்தது சிவப்பு மண்ணை இல்லை. பட்டையிலிருந்து உதிர்ந்து கிடந்த வெள்ளைக் கல். நகத்தால் கீறினார். மாவு மாதிரி உதிர்ந்தது.

"ஜிப்சமா இது?"

ஜிப்சம்தான்.

"மல்லாட்டைக்கு மண்ணணைக்கும்போது போடுவோமே, அதேதான். மூட்டை மூட்டையா காசு குடுத்து வாங்குனேன். இங்க மலையாவே கெடக்குது." கல்லை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். அமெரிக்காவில் எதைத் தொட்டாலும் அபராதம் என்று என் தம்பி சொல்லி அனுப்பியிருந்தான்.

ஏரிகள் உண்டான கதை முழுக்க அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பெர்மியன் காலத்தில், இந்தப் பக்கமெல்லாம் கடல். ஆழமில்லாத ஓரக்கடல் வற்றி, நிறைந்து, மறுபடி வற்றி, ஒவ்வொரு முறையும் உப்பையும் ஜிப்சத்தையும் அடுக்கடுக்காக விட்டுச் சென்றது. ஜிப்சம் தண்ணீரில் கரையும். சர்க்கரை போல உடனே இல்லை, ஆனாலும் கரையும். கீழே ஊறும் தண்ணீர் அதை அரித்து அரித்துப் பொந்தாக்குகிறது. பொந்து பெரிதாகிறது. ஒரு நாள் மேல்கூரை தாங்காமல் பொத்தென்று உள்ளே விழுகிறது. சிங்க்ஹோல் என்பது இதைத்தான். விழுந்த குழியில் தண்ணீர் நிறைந்தால் ஏரி. இதே மாநிலத்தில், மேற்கே மலைகளுக்கு அந்தப்புறம், வெள்ளைவெளேரென்று மணல்மேடுகளாகக் கிடக்கும் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவும் இதே ஜிப்சம்தான். அங்கே காற்றுக்குச் சிக்கி மணலாயிற்று. இங்கே தண்ணீருக்குச் சிக்கிக் குழியாயிற்று.

1933இல் இது நியூ மெக்சிகோவின் முதல் மாநிலப் பூங்காவானது. குழிகளின் ஆழம் 17 அடியிலிருந்து 90 அடி வரை. பெயர்க்காரணம் எல்லோரும் சொல்வதுதான்: அந்தக் காலத்து மாட்டுக்காரர்கள் மாட்டைச் சுருக்குப் போடும் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் கனம் கட்டி உள்ளே விட்டார்கள். கயிறு தீர்ந்தது, தரை தட்டவில்லை. அடியே இல்லை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காட்டன்வுட் ஏரிக்குப் பக்கத்தில்தான் பார்வையாளர் நிலையம். அதன் வாசலில் நின்று இதை நான் தமிழில் சொல்லி முடித்தபோது, அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பாப்பா, எத்தன முழக் கயிறு?"

"தெரியலப்பா. நெறைய."

"மாட்டுக் கயிறுன்னா ஒண்ணு முப்பது நாப்பது அடி இருக்குமா? நாலு முடிஞ்சாலே நூறு தாண்டிடும். தொண்ணூறடிக் கெணறு எட்டாமப் போவுமா? ஒண்ணு அவன் கல்லு கட்டியிருக்க மாட்டான், இல்ல அடியில ஊத்து வேகமா இருந்து கயித்த ஒதுக்கியிருக்கும். ஊத்துக்கண்ணுக்கு நேரா கயிறு விட்டா தரை தட்டுனது கையில தெரியாது. ஓடிக்கினே இருக்கற மாதிரிதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்து, "இல்லன்னா பொய் சொல்லியிருப்பான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிணறு தூர் வாரிய கை அது. எதிர்த்துப் பேச எனக்குத் தகுதி இல்லை.

இன்னொரு கதையும் உண்டு. இந்த ஏரிகளில் எதையாவது தொலைத்தால் அது நிலத்துக்கு அடியிலேயே போய் கார்ல்ஸ்பாட் பக்கம் கிடைக்கும், சிலசமயம் மெக்சிகோ வளைகுடாவிலேயே மிதக்கும் என்பார்களாம். "கோயில் கொளத்துல எலுமிச்சம்பழம் போட்டா அடுத்த ஊரு கெணத்துல மெதக்கும்பாங்களே, அந்தக் கதை" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்பா சிரித்தார். எந்த ஊரிலும் தண்ணீரைப் பற்றி மட்டும் ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்றார்.

மறுபேச்சில்லாமல் நான் நம்பியிருக்க வேண்டியது வடகோடியில் இருக்கும் லேஸி லகூனை. பெயரே சோம்பேறிக் குட்டை. பார்த்தால் மழைக்குத் தேங்கிய வயல் மாதிரி இருக்கும், கணுக்காலளவு தண்ணீர் என்று சத்தியம் செய்வோம். உள்ளுக்குள் மூன்று குழிகள் சேர்ந்து கிடக்கின்றன, மிக ஆழமான இடம் 90 அடி. சுற்றிலும் உப்புப் பூத்து வெளுத்த களர் நிலம். ஒரு படம் எடுக்கலாம் என்று நான் பாதையை விட்டு நாலு எட்டுதான் வைத்தேன். வெள்ளைப் பொருக்கு அப்பளம் போல உடைந்தது, அதற்குக் கீழே கறுப்புச் சேறு. இடது கால் முழங்கால் வரை போய்விட்டது. காலை உருவினேன், செருப்பு வரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் பாதையில் நின்றபடி பழமொழியைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. செருப்பு இந்நேரம் மெக்சிகோ வளைகுடாவுக்குப் போயிருக்கும்.

அங்கிருந்து தெற்கே வந்தால் ஒவ்வொன்றாக வருகின்றன. மிரர் ஏரி, காற்றில்லாத காலையில் செம்மண் சுவர் அப்படியே தலைகீழாகத் தெரியும் என்பார்கள். நாங்கள் போனபோது காற்று. ஃபிகர் எய்ட், இரண்டு குழிகள் எட்டு போட்டது போல ஒட்டிக் கிடப்பது. பாஸ்ச்சர், எல்லாவற்றிலும் ஆழம் குறைந்தது, நாங்கள் காரை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் டெவில்ஸ் இங்க்வெல்லில், அதாவது சாத்தானின் மைக்கூட்டில், அரை மணி நேரம் நின்றோம். விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கும் கரை, கீழே கரும்பச்சைத் தண்ணீர். மற்ற ஏரிகளின் பசும் நீலத்துக்குப் பாசியும் நீர்ச்செடியும் காரணம். இங்கே கரையின் நிழலும் சேர்ந்துகொண்டு தண்ணீரைக் கறுப்பாக்கிவிடுகிறது. குளிர்காலத்தில் இதில் ட்ரவுட் மீன் கொண்டுவந்து விடுவார்களாம், தூண்டில் போடுகிறவர்களுக்காக. வெயில் ஏறினால் அந்த மீன் தாங்காது.

மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார், "இது ஏரி இல்ல பாப்பா. கெணறு." அப்படிப் பார்த்தால் சரிதான். ஏரி என்றால் நமக்குக் கரை உண்டு, மதகு உண்டு, மழை பெய்து வாய்க்காலில் வந்து நிறையும் தண்ணீர் உண்டு. இங்கே மேலேயிருந்து வருவது சொற்பம். வெயில் குடிப்பதோ கொள்ளை. எல்லாம் கீழேயிருந்து வருவது.

அப்படிக் குடித்து மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதிலும் பிழைக்க ஒரு மீன் இருக்கிறது, பெக்கோஸ் பப்ஃபிஷ். விரல் நீளம்கூட இல்லை. கடலைவிட உப்பான தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். ஆண்மீன் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சாண் இடத்தை வளைத்துக்கொண்டு, வருகிறவனை எல்லாம் துரத்தும். வரப்புத் தகராறு. பெக்கோஸ் ஆற்றின் பெரும்பகுதியில் இந்த இனம் கலந்து போய்விட்டது. தூண்டில் இரையாகக் கொண்டுவந்த ஷீப்ஸ்ஹெட் மின்னோ என்ற சொந்தக்கார மீன் 1980களில் ஆற்றில் கலந்து, இரண்டும் கூடிக் கலப்பினமாகிவிட்டன. கலப்பில்லாத பப்ஃபிஷ் இப்போது இந்தப் பூங்காவிலும் பக்கத்து ஈரநிலங்களிலும்தான் முக்கியமாக எஞ்சியிருக்கிறது. ராஸ்வெல்லின் ஊற்று ஈரநிலங்களுக்கு 2010இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. மகள் கரையில் குப்புறப் படுத்து இருபது நிமிடம் தேடினாள். ஒன்று தெரிந்ததாகச் சொன்னாள். நான் பார்க்கவில்லை.

வரிசையில் கடைசி, லீ ஏரி. குளிக்க அனுமதி இங்கே மட்டும்தான். மற்றவற்றில் இறங்கக் கூடாது. 15 ஏக்கர், 90 அடி ஆழம், ஒரு பக்கம் மணல் கொட்டிய கரை, எதிர்ப்பக்கம் செம்மண் சுவர். தண்ணீரின் நிறத்தைச் சொன்னால் மிகை என்பீர்கள். கரையில் இளம்பச்சை, பத்தடி தள்ளிப் பச்சை, அப்புறம் ஒரு கோடு போட்டாற்போல அடர்நீலம். அந்தக் கோட்டில்தான் தரை முடிகிறது.

கரையில் ஒரு பழைய கல் மண்டபம் நிற்கிறது. 1930களின் பஞ்சகாலத்தில், வேலையில்லாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிசிசி என்ற வேலைப் படையினர் கட்டியது. மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்பது விதி. "நூறு நாள் வேலை மாதிரியா?" என்று அம்மா கேட்டார். கிட்டத்தட்ட. ஆனால் அந்தப் பையன்கள் முகாமிலேயே தங்கி வேலை செய்தார்கள். அம்மா கல் சுவரைத் தடவிப் பார்த்து, "வேல சுத்தமாத்தான் செஞ்சிருக்கானுங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, அதன் நிழலில் பாயை விரித்தார். நிழல் என்று சொல்லிக்கொள்ள இங்கே அதுவும் சில தகரக் கூரைகளும்தான். ஜூனில் பதினோரு மணிக்கே மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. செருப்பில்லாத என் இடது காலுக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்பா குளிக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். துண்டைக்கூட எடுத்து வரவில்லை. எங்கள் கிணறு வற்றி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதோடு அவர் நீச்சலும் நின்றது. சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தூக்கிப் போட்டு நீச்சல் கற்றுக்கொடுத்த ஊர். என்னையும் அந்தக் கிணற்றில்தான் போட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. மூன்றாம் நாள் குடுக்கையின் கயிற்றைச் சொல்லாமல் அவிழ்த்துவிட்டார். இப்போது பேத்தி ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு இறங்குவதைப் பார்த்து, "இது குடுக்கையவிட நல்லாருக்குது, அவுக்கத்தான் முடியாது போல" என்றார்.

நான் இறங்கினேன். சுடும் காற்றிலிருந்து தண்ணீருக்குள் போனதும் ஒரு கணம் மூச்சு நின்றது. அத்தனை குளிர்ச்சி. நாக்கில் இலேசான உப்பு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தினேன். மணல் தெரிந்தது, பாசி தெரிந்தது, பிறகு சட்டென்று எதுவும் தெரியவில்லை. கீழே நீலம் மட்டும். நகரத்து நீச்சல்குளத்தில் பத்து வருஷமாக நீந்துகிறேன், அங்கே அடித்தரையில் கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்றதும் கை தானாகத் திரும்பிவிட்டது. இத்தனைக்கும் ஆறடித் தண்ணீருக்கு மேல் மனிதனுக்கு எல்லாம் ஒன்றுதான், பத்தடியில் மூழ்குகிறவன்தான் தொண்ணூறிலும் மூழ்குவான். புத்திக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்திலேயே இரண்டு ஸ்கூபா ஆட்கள் சிலிண்டரோடு கறிகாய் வாங்கப் போவது போல அந்த நீலத்துக்குள் இறங்கிப் போனார்கள்.

திரும்பிக் கரையைப் பார்த்தால் அப்பா முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார். அரைக்கால் சட்டை, மேலே பனியன். ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"தென்னைக்கு ஆவும். நெல்லுக்கு ஆவாது."

"பாத்துப்பா, அந்தக் கோட்டுக்கு அப்பால ஆழம்."

பதில் இல்லை. ஒருமுறை மூழ்கி எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நடந்த மாதிரியே தெரியவில்லை, நழுவிப் போனார். பெரிய கைவீச்சு எதுவும் இல்லை. கிணற்று நீச்சல் அது, தலையை மேலே வைத்துக்கொண்டு, கையைத் தண்ணீருக்குள்ளேயே துழாவிக்கொண்டு, சத்தமே இல்லாமல். கிணற்றில் நாலு வீச்சுக்குள் சுவர் வந்துவிடும், திரும்ப வேண்டும். அவர் பழக்கத்தில் நாலு வீச்சு போய்த் திரும்பினார். மறுபடி நாலு, மறுபடி திரும்பினார். எதிரே சுவர் இல்லை என்று உடம்புக்கு உறைக்க நேரம் பிடித்தது. பிறகு மிதவைக் கயிறு வரை நேராகப் போய், அதைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். அறுபத்தெட்டு வயது. அம்மா பாயிலிருந்து எழுந்து நின்று, "ஏங்க, போதும் வாங்க, ஏங்க" என்று இடைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காதில் தண்ணீர் இருந்ததால் கேட்கவில்லை என்று பின்னால் சொன்னார் அப்பா. அம்மா அதை நம்பவில்லை.

பகல் முழுக்க அப்பா தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார். உடம்பு காய்ந்ததும் தோலில் வெள்ளையாக உப்புப் பொடி பூத்தது.

சாயங்காலம் வெயில் இறங்கி, செம்மண் சுவர் ஒரு கால்மணி நேரம் தணல் மாதிரி ஆகி, பிறகு அவிந்தது. முகாமிடத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இந்த ஒரு ஏரியில் மட்டும் நாளொன்றுக்கு 25 லட்சம் கேலன் ஊறுகிறது என்று சொன்னேன். கிட்டத்தட்ட 95 லட்சம் லிட்டர். அப்பா மனக்கணக்கில் தண்ணி லாரியாக மாற்றினார். 12,000 லிட்டர் லாரி என்று வைத்தால் ஏறக்குறைய எண்ணூறு லாரி. "தெனமுமா?" தினமும். "எங்கேர்ந்து?"

மேற்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சாக்ரமெண்டோ மலைகள். அதை ஒட்டிய சியெரா பிளாங்கா சிகரம் 12,000 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அங்கேயும் அதன் சரிவுகளிலும் பெய்யும் மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கிழக்கே சாய்ந்த அடுக்கு வழியாக நிலத்துக்கு அடியிலேயே வருகிறது. மேலே தண்ணீர் புகாத அடுக்கு மூடியிருப்பதால் அழுத்தம் குறைவதில்லை. பெக்கோஸ் பக்கம் வந்ததும் கிடைத்த விரிசலில் மேலே பொங்குகிறது. ஆர்ட்டீசியன்.

அந்தச் சொல்லை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டார் இல்லாமல் தானே பொங்கி வழிந்த இடங்கள் உண்டு. ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கியதாகச் சொல்வார். நிறுத்தத் திருகு கிடையாது, யாருக்கும் நிறுத்தத் தோன்றியதும் கிடையாது. பிறகு பொங்குவது நின்றது. அப்புறம் மோட்டார். அப்புறம் நீர்மூழ்கி மோட்டார். நூறு, இருநூறு, நானூறு அடி. எங்கள் கிணறு அதற்கெல்லாம் முன்னாலேயே காய்ந்துவிட்டது.

ராஸ்வெல்லிலும் அதே கதைதான் நடந்தது. 1890களில் துளை போட்டபோது தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஊர் ஊராகத் துளை போட்டார்கள். தெற்கே ஓர் ஊருக்கு ஆர்ட்டீசியா என்றே பெயர். அல்ஃபால்ஃபா என்ற தீவனப்புல் வயல், ஆப்பிள் தோட்டம், மூடாமல் விட்ட குழாய்களில் வீணாக ஓடிய தண்ணீர். அழுத்தம் விழுந்தது, பொங்கிய கிணறுகள் நின்றன. இதுவரைக்கும் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் தெரிந்த கதை.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலத்தடி நீருக்கு 1927இல் ஒரு சட்டம் போட்டார்கள், அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 1931இல் திருத்தி மறுபடி போட்டார்கள். அனுமதியில்லாமல் புதுக் கிணறு கிடையாது. 1932இல் இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு நீர்ப் பாதுகாப்பு மாவட்டத்தை அமைத்து, ஒழுகும் பழைய கிணறுகளைத் தேடித் தேடி அடைத்தார்கள். 1960களில் பாசனக் கிணறுகளுக்கு மீட்டர் வைத்தார்கள். விழுந்த நீர்மட்டம் ஓரளவு மீண்டு வந்தது.

"மீட்டரா? கெணத்துக்கா?"

"ஆமாப்பா."

"வெவசாயி சும்மா உட்டானா?"

"வழக்குப் போட்டாங்க. வருஷக்கணக்கா நடந்துச்சு."

வெகுநேரம் பேசவில்லை. அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். தன் கிணற்றுக்கு எவனாவது மீட்டர் வைக்க வந்திருந்தால் அவன் கையை ஒடித்திருப்பேன் என்றார். கொஞ்சம் கழித்து, "கெணத்துல தண்ணியாவது இருந்திருக்கும்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

இருட்டிய பிறகு வானம். அதை வர்ணிக்கப் போவதில்லை, எல்லாப் பயணக் கட்டுரையிலும் பாலைவன வானம் இருக்கிறது. ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் மெதுவாக நகர்ந்து போனது. செயற்கைக்கோளாகத்தான் இருக்கும். மகள் பறக்கும் தட்டு என்று அடித்துச் சொன்னாள். அப்பா அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலை ராஸ்வெல். 1947இல் பக்கத்துப் பண்ணையில் ஏதோ விழுந்ததை, வேற்றுக்கிரகத்துத் தட்டு என்று கிளம்பிய பேச்சை வைத்து ஓர் ஊர் எழுபது வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிறது. தெருவிளக்குக்கெல்லாம் வேற்றுக்கிரகக் கண், பறக்கும் தட்டு வடிவில் ஒரு மெக்டொனால்ட்ஸ், அருங்காட்சியகம், பச்சை பொம்மை. நிஜமாகவே வானத்தைத் தொடப் பார்த்த ராபர்ட் காடர்ட் 1930இல் தொடங்கி இங்கேதான் தன் ராக்கெட்டுகளை ஏவினார். அவர் பெயரை என் மகளிடம் சொன்னேன். பச்சை பொம்மை வாங்கித் தரச் சொன்னாள். வாங்கித் தந்தேன். கூடவே எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அதிலும் பச்சைத் தலை வரைந்திருந்தது. வேறு மாதிரி அந்தக் கடையில் இல்லை.

கிளம்பும் முன் பெட்ரோல் போட நிறுத்தினோம். காரின் கறுப்புப் பக்கமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அப்பா ஊருக்குப் போன் போட்டிருந்தார். மறுமுனையில் கூட்டாளி, எங்கள் கிணற்றில் அவரோடு தூர் வாரியவர். ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதுவும் கத்தித்தான் பேசுவார்.

"அடியே கெடயாதுய்யா. ஆமாங்கறேன். மாட்டுக்காரனுங்க ஒம்போது கயிறு முடிஞ்சு உட்டுப் பாத்திருக்கானுங்க, எட்டல. இங்க ஒரு பொருள் உழுந்துச்சுன்னா கடல்லதான் எடுக்கணும். பாப்பா செருப்பே போயிடுச்சு, நம்பலன்னா அவளையே கேளு."

போனை என் பக்கம் நீட்டினார்.

"ஆமா சித்தப்பா" என்றேன். "போயிடுச்சு."